மறைமலையடிகளுக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி, 6 ஜனவரி 2024 (கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவர்)

ஐயா, மறைமலையடிகள் என்றால் பல்லாவரம், சைதாப்பேட்டைப் பாலம், மறைமலை நகர். எல்லாமே தென்பக்கம். வடசென்னையில் தமிழ் வளர்த்தவர்கள் வரிசையில் நீங்கள் அவரை எதற்குச் சேர்த்தீர்கள்? இன்னொன்று. தனித்தமிழுக்குத் தந்தை என்கிறோம். அவர் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினார் என்கிறார்கள். இது முரண் இல்லையா?

6 ஜனவரி, இரவு

தம்பி, நாட்குறிப்புக்கு அப்புறம் வருகிறேன். முதல் கேள்விதான் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் நடந்தால் ஆண்டர்சன் சர்ச் வரும். அந்த வரிசையில்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருந்தது. 1837இல் பள்ளியாகத் தொடங்கி, கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்துக்குப் போகும்வரை நம் ஜார்ஜ் டவுன்தான் அதற்கு ஊர். மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை, 13 ஆண்டுகள், அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார். பல்லாவரம் அதற்குப் பிறகு. அப்போது அவர் பெயர் வேதாசலம். மறைமலையடிகள் என்ற பெயரே 1916இல்தான் வருகிறது.

ஆக, அவர் உரைநடை பழகியது, ஆராய்ச்சி பழகியது, பழைய உரைகாரர்களோடு சண்டை போடப் பழகியது எல்லாம் இங்கே. பல்லாவரத்துக்குப் போனவர் அதற்குள் முழு ஆசிரியர்.

7 ஜனவரி

ஒன்றை விட்டுவிட்டேன். அவர் பட்டம் வாங்கியவர் இல்லை. நாகப்பட்டினத்துக்காரர், 1876 ஜூலை 15இல் பிறந்தவர். அப்பா இறந்ததும் பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. தமிழைப் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் படித்தார். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் தானே படித்தார். அப்படிப்பட்டவரை 21 வயதில் கல்லூரி ஆசிரியராக எடுத்தவர் யார் தெரியுமா? தமிழ்த்துறைத் தலைவர் பரிதிமாற்கலைஞர். அவருக்கே அப்போது 27தான்.

சூரியநாராயண சாஸ்திரியார் தன் பாட்டுத் தொகுதிக்காகப் பரிதிமாற்கலைஞர் என்று பெயர் வைத்துக்கொண்டார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். வேதாசலம் பின்னால் செய்ததும் அதேதான். வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். ஒரே கல்லூரியில் ஐந்தாண்டு சேர்ந்து வேலை பார்த்தவர்கள். பரிதிமாற்கலைஞர் 1903 நவம்பரில், 33 வயதில், காசநோயால் இறந்தார். அவர் இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் குறைவு.

9 ஜனவரி

'அந்த நேர்முகத் தேர்வுக் கதையைச் சொல்லுங்கள்' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். செவிவழிக் கதை. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பரிதிமாற்கலைஞர் குற்றியலுகரத்துக்கு, அதாவது சொல் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரத்துக்கு, எடுத்துக்காட்டு கேட்கிறார். இளைஞர் சொல்கிறார்: 'அஃது எனக்குத் தெரியாது.' கூட இருந்தவர்கள் பையன் தோற்றான் என்று நினைக்கிறார்கள். கேட்டவர் வேலை உனக்குத்தான் என்கிறார். ஏனென்றால் அந்தப் பதிலில் மூன்று குற்றியலுகரம் இருக்கிறது. 'அஃது' ஆய்தத் தொடர், 'எனக்கு' வன்தொடர், 'தெரியாது' உயிர்த்தொடர்.

எனக்கு இதைச் சொன்னவர் வண்ணாரப்பேட்டையில் எட்டாம் வகுப்பில் தமிழ் எடுத்த வாத்தியார். சொல்லிவிட்டு, 'அது எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் என்னடா ஆகியிருக்கும்?' என்று கேட்டார். நாங்கள் முழித்தோம். 'அது' என்பது தனிக்குறிலை அடுத்து வந்த உகரம், அதனால் முற்றியலுகரம். ஒரு எடுத்துக்காட்டு குறைந்துபோயிருக்கும். ஆய்த எழுத்து எதற்கு என்று அதுவரை எனக்குப் புரிந்ததில்லை. அன்றைக்குப் புரிந்தது. நான் தமிழ் படிக்கப் போனதற்கு அந்த மூன்று புள்ளிகள்தான் காரணம் என்று இன்றும் வீட்டில் சொல்வேன்.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று என் வாழ்க்கையில் உண்டு. 1986இல் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். பட்டினப்பாலை எத்தனை அடி என்று கேட்டார்கள். 301. சொல்லிவிட்டேன். அடுத்து, அதில் வஞ்சியடி எத்தனை என்றார்கள். தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதோ ஒரு எண்ணைச் சொன்னேன். எதிரே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான். ஆனால் கேள்வி கேட்டவர் என்னைவிட நன்றாகப் படித்திருந்தார், அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. பிறகு முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்ல அன்றிலிருந்து பழகினேன்.

12 ஜனவரி

சரி, நாட்குறிப்பு. ஆமாம், ஆங்கிலத்தில்தான் எழுதினார். 1898 முதல் கடைசிவரை, அரை நூற்றாண்டுக்கும் மேல். தமிழ் நூல்களுக்கே நீளமான ஆங்கில முன்னுரைகளும் எழுதினார். 1908இல் 'தி ஓரியன்டல் மிஸ்டிக் மைனா' என்று ஓர் ஆங்கில இதழும் நடத்திப் பார்த்தார்.

இது முரண் என்று நான் நினைக்கவில்லை. காரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு கைவிட்ட ஒருவர், ஆங்கிலம் படித்தவர்களே உட்கார்ந்திருக்கும் கல்லூரியில் வேலை பார்க்கிறார். தமிழ் வாத்தியார் என்றால் மற்ற பேராசிரியர்களுக்கு ஒருபடி கீழே என்று எண்ணிய காலம். தினமும் ராத்திரி நாலு வரி ஆங்கிலத்தில் எழுதுவது அவருக்குப் பயிற்சி என்பது என் எண்ணம். முன்னுரைகள் யாருக்கு? தமிழைத் தொடாமல் ஆங்கிலம் மட்டும் படித்த தமிழருக்கு. அவர்கள் வாசலில் போய் அவர்கள் மொழியிலேயே கூப்பிட்டார்.

தனித்தமிழ் என்றால் பிறமொழி படிக்காதே என்று யாரோ நமக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர் 1907இல் காளிதாசனின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து நேராக மொழிபெயர்த்தவர். 1908இல் வந்த சிந்தனைக் கட்டுரைகளுக்கு அடிசனின் ஆங்கிலக் கட்டுரைகள் முன்மாதிரி. இரண்டு மொழியும் தெரிந்தவர்தான் எந்தச் சொல் எந்த மொழிக்காரன் என்று அடையாளம் காட்ட முடியும்.

13 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ வக்கீல் வாதாடுவதுபோல இருக்கிறது. நான் சொல்ல வந்தது இன்னும் எளிமையானது. 1916க்கு முன் அவர் எழுதியதை எடுத்துப் பாருங்கள். வடசொல் நிறைய. இதழின் பெயர் ஞானசாகரம். 1905இல் தொடங்கிய அமைப்பு சைவ சித்தாந்த மகா சமாஜம். 1911இல் தொடங்கியது சமரச சன்மார்க்க நிலையம். பிறகு ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. பிள்ளைகள் பெயரையும் விடவில்லை. மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார், சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். பழைய நூல்களை மறுபதிப்புப் போடும்போதெல்லாம் உட்கார்ந்து சொல் சொல்லாக மாற்றினார்.

நாற்பது வயதில் ஒரு பேராசிரியர், இதுவரை எழுதியதெல்லாம் திருத்தப்பட வேண்டியது என்று ஒப்புக்கொள்கிறார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அங்கேதான்.

16 ஜனவரி, பொங்கல் கழிந்து

பழைய பெட்டியைத் திறந்ததில் என் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை கிடைத்தது. 1982இல் மூர் மார்க்கெட்டில் வாங்கியது, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகப் பதிப்பு. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அங்கே வாங்கியதில் என்னிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். எனக்கு முன்னால் யாரோ ஒரு மாணவர் வைத்திருந்த புத்தகம். பென்சிலால் ஓரத்தில் 'தேர்வுக்கு வரும்' என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறார்.

முல்லைப்பாட்டு பத்துப்பாட்டிலேயே சின்னது, 103 அடி. மறைமலையடிகள் கல்லூரியில் நடத்திய பாடம் இது. பழைய உரைகாரர் நச்சினார்க்கினியர் பாட்டின் வரிகளைப் பிரித்து, அங்கே கிடப்பதை இங்கே கொண்டுவந்து சேர்த்துப் பொருள் சொல்வார். மாட்டு என்று பெயர். மறைமலையடிகளுக்கு அது பிடிக்கவில்லை. புலவன் வைத்த வரிசையிலேயே பொருள் ஓடுகிறது, பிறகு எதற்குக் கலைக்க வேண்டும் என்று 1903இலேயே அச்சில் கேட்டுவிட்டார். நச்சினார்க்கினியரை மறுத்துப் பேச அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

வரிசையை மாற்றாமல் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் இடம். மழை பெய்து ஓய்ந்த மாலை. வயதான பெண்கள் ஊர் எல்லைக்குப் போய் நெல்லும் முல்லைப்பூவும் தூவி விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல், கேட்டு நிற்கிறார்கள். போருக்குப் போனவன் வருவானா என்று. அங்கே கயிற்றில் கட்டிய பசுங்கன்று ஒன்று பால் இல்லாமல் தவிக்கிறது. குளிருக்குத் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர் பெண் அதைப் பார்த்து, 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். கன்றுக்குச் சொன்ன ஆறுதல். கேட்டு நின்றவர்களுக்கு அதுவே நற்சொல். பாட்டு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இது வந்துவிடுகிறது. மீதிப் பாட்டு முழுவதும் அந்தச் சொல் நம் காதில் இருந்துகொண்டே இருக்கிறது. அரசன் பாசறையில் தூங்காமல் கிடக்கும்போதும், அரசி நெகிழ்ந்த வளையைத் திருத்திக்கொண்டு கிடக்கும்போதும். பாட்டின் வரிகளை இடம் மாற்றினால் இது போய்விடும்.

அந்த ஆயர் பெண் வரும் பக்கத்தில் பென்சில்காரர் 'தேர்வுக்கு வரும்' என்று எழுதவில்லை. அடிக்கோடு மட்டும் போட்டிருக்கிறார், இரண்டு தடவை.

19 ஜனவரி

ஏழுகிணறு வாசகர் ஒருவர் 'எங்கள் தெருவுக்கும் பங்கு உண்டு' என்று உரிமையோடு எழுதியிருக்கிறார். உண்டுதான். வள்ளலார் சின்ன வயதிலிருந்து வாழ்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து கந்தகோட்டத்துக்கு நடந்து போய்ப் பாடியவர். தனித்தமிழ் இயக்கம் பிறந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியில் இருப்பதும் அவர் பாட்டுதான். 1916இல் அடிகள் மகள் நீலாம்பிகையோடு இருக்கும்போது 'பெற்ற தாய்தனை' என்று தொடங்கும் பாட்டைப் பாடுகிறார். 'உற்ற தேகத்தை' என்ற இடத்தில் நிறுத்தி, தேகம் என்பதற்குப் பதில் யாக்கை என்று இருந்தால் இன்னும் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிறார். அங்கே தொடங்கியது.

போட்டுப் பாருங்கள், ஓசை கெடாது. தேகத்தை, யாக்கையை, இரண்டும் யாப்பில் நேர் நேர் நேர், அதாவது தேமாங்காய். மோனையும் கெடாது, அது 'உற்ற', 'உயிர்' என்று உகரத்தில் நிற்கிறது.

வள்ளலார் பாடல்கள் அருட்பாவா, இல்லை மயக்கம் தரும் மருட்பாவா என்று சென்னையே இரண்டுபட்ட வழக்கில், 1903இல் நா. கதிரைவேற் பிள்ளையை எதிர்த்து அருட்பாவுக்காகப் பேசியவரும் நம் வேதாசலம்தான். கதிரைவேற் பிள்ளையின் மாணவர் திரு.வி.க. அப்போது எதிர் அணி. பிறகு அடிகளை மனமாரப் போற்றியவர்.

20 ஜனவரி

நேற்று எழுதிய யாப்பில் பிழை. பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி அம்மா. 'யாக்கையை' என்பதில் நடுவில் வரும் கை ஐகாரக் குறுக்கம், குறில்போலக் குறுகி ஒலிக்கும். அதனால் அசை பிரித்தால் யாக்/கையை, நேர் நிரை, கூவிளம். தேமாங்காய் அல்ல.

இதைச் சரிபார்க்கப் போனபோது ஒன்று கண்ணில் பட்டது. முதலடியின் இரண்டாம் சீர் 'தாய்தனை'. அதுவும் கூவிளம். அப்படியானால் யாக்கையை என்று வைத்தால் இரண்டாமடி முதலடியோடு இன்னும் நெருங்கி வருகிறது. மறைமலையடிகள் காது அதைக் கேட்டிருக்குமா? கேட்டிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு இதை வாய்விட்டுப் பாடிப் பாடிப் பார்த்ததில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

24 ஜனவரி

ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: 'வேளாளர் நாகரிகம் என்று புத்தகம் எழுதியவரை வடசென்னை உழைக்கும் மக்கள் எதற்குக் கொண்டாட வேண்டும்?'

இந்தக் கோபம் நியாயமானது. தமிழ் நாகரிகத்தின் சிறப்பையெல்லாம் ஒரு சமூகத்தின் கணக்கில் எழுதிய இடங்களை நான் ஏற்கவில்லை. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தப் புத்தகத்தில் அவருக்கு இடம் இல்லை. அதே மனிதர் சாதி வேற்றுமையும் போலிச் சைவரும் என்ற நூலில் சைவர்களுக்குள் இருந்த சாதிப் பாகுபாட்டைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறார். அவரிடம் இரண்டும் இருந்தன. பின்னதைக் காட்டி முன்னதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதே காலத்தில் இதே நகரத்தில் சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907 முதல் வார இதழ் நடத்தி, தமிழர் வரலாற்றை முற்றிலும் வேறு பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். நான் அயோத்திதாசரை ஐம்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். பாடத்திட்டம் எனக்கு அவரைக் காட்டவில்லை. அது எனக்கு ஆறாத குறை.

27 ஜனவரி

அடிகள் ஏன் கல்லூரியை விட்டார் என்று கேட்டவருக்கு: தமிழ் கட்டாயப் பாடமாக இருந்ததைச் சென்னைப் பல்கலைக்கழகம் மாற்றியது. தமிழ் எடுக்கும் மாணவர் குறைந்தால் தமிழ் ஆசிரியரும் குறைய வேண்டியதுதானே. 1911இல் வேலை முடிந்தது. அந்த ஆண்டே துறவு பூண்டு பல்லாவரத்தில் தங்கிவிட்டார். அதனால்தான் 'பல்லாவரத்துக்காரர்' என்று கேட்டதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆனது. அவர் கல்லூரி இருந்த எஸ்பிளனேடை விட்டுப் போனதற்குக் காரணமே தமிழுக்கு வகுப்பில் இடம் குறைந்தது.

அவர் வடசென்னைக்கு முதலில் வந்த வழியும் தமிழ் வழிதான். சூளையில் இருந்த சோமசுந்தர நாயகர் அவருக்குச் சைவ சித்தாந்த ஆசான். நாயகர் 1901இல் இறந்தபோது அடிகள் எழுதிய இரங்கல் நூல் சோமசுந்தரக் காஞ்சி. அதைக் குறை சொன்னவர்களுக்குப் பதிலாகக் காஞ்சியாக்கம் என்று இன்னொன்று எழுதினார். சும்மா விடுகிறவர் இல்லை.

28 ஜனவரி

மகளை விட்டுவிட்டேனே! நீலாம்பிகை அம்மையார் ராயபுரம் நார்த்விக் பெண்கள் பள்ளியில் தமிழ் எடுத்தவர். வடசொற்களுக்குத் தமிழ்ச் சொல் தரும் அகரவரிசை ஒன்றைத் தொகுத்தார். 1938 நவம்பர் 13இல் வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை நாடக அரங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் அங்கேதான் வந்தது. தலைமை வகித்தவர் இவர். சைவத்தை விட்டுக்கொடுக்காத அப்பாவுக்கும் பெரியாருக்கும் 1920களின் கடைசியில் பெரிய உரசல் இருந்தது. இந்தி எதிர்ப்பு வந்ததும் எல்லோரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் ரோடு பக்கம் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

3 பிப்ரவரி

கடைசியாக லிங்கி செட்டித் தெரு. அடிகள் 1950இல் இறந்தார். பல்லாவரத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் கொண்டுவந்து 1958இல் லிங்கி செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகமாகத் திறந்தது. போனவர் புத்தகமாகத் திரும்பி வந்தார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

1981 முதல் ஆறு வருஷம் அங்கே போனேன். கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரர்கள் 'ஓரம், ஓரம்' என்று கத்திக்கொண்டே போவார்கள். உள்ளே அந்தச் சத்தம் மெல்லியதாகத்தான் கேட்கும். சங்க இலக்கியப் பதிப்பு எதைக் கேட்டாலும் பணியாளர் எடுத்து வந்து, இரண்டு கையாலும் மேசையில் வைப்பார். ஒரு கையால் வைத்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் என் டிபன் பாக்ஸ் சாம்பார் பைக்குள் கொட்டி, பையிலிருந்து சொட்டியது. அவர் திட்டவில்லை. புத்தகத்தை முதலில் தூக்கிக்கொண்டார், அப்புறம் எனக்குத் துடைக்கத் துணி கொடுத்தார். நூலகம் பின்னாளில் எழும்பூர் கன்னிமாரா நூலக வளாகத்துக்குப் போய்விட்டது. போகட்டும், புத்தகங்கள் பத்திரமாக இருந்தால் சரி. ஆனால் லிங்கி செட்டித் தெருவில் நடக்கும்போது என் கால் இன்னும் அந்த இடத்தில் நிற்கிறது.

4 பிப்ரவரி

கொருக்குப்பேட்டைத் தம்பி, 'அந்தக் கல்லூரி இருந்த இடத்தை எனக்குக் காட்டுவீர்களா?' என்று கேட்டிருக்கிறீர்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு பீச் ஸ்டேஷன் வாசலுக்கு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் ஆண்டர்சன் சர்ச், லிங்கி செட்டித் தெரு, ஏழுகிணறு மூன்றையும் நடந்து முடித்துவிடலாம். முல்லைப்பாட்டைக் கொண்டுவருகிறேன். உங்களிடம் பென்சில் இருந்தால் எடுத்து வாருங்கள்.